எத்தனை கை உப்பு?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

"கல்லூரி ஆண்டு மலரில் கறிக் கதையா?" என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நிலவைப் பற்றியும் நட்பைப் பற்றியும் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றியும் எழுதத் தகுந்தவர்கள் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் நடந்த ஒன்றுதான். அதில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. அத்தவறு எனக்கு மட்டுமே உரியதன்று. விஞ்ஞானம் படிக்கும் நம்மில் எவரும் நாளைக்கே செய்யக்கூடியது. ஆகவேதான் எழுதத் துணிந்தேன்.

பேச வந்த பொருள் இதுதான். உப்பும் மசாலாவும் பிசறிய பச்சைக் கறியை வெயிலிலோ அடுப்புப் புகையிலோ தொங்கவிட எண்ணியிருக்கிறோம். ஏதோ காரணத்தால் அது தள்ளிப்போகிறது. இடைப்பட்ட நேரத்தில் அந்தக் கறியை என்ன செய்வது? மேலோட்டமாகப் பார்த்தால் இது பெண்கள் பத்திரிகையின் சமையல் குறிப்புப் பக்கத்துக்கு உரிய கேள்வி. ஆனால் ஒரு குடும்பத்தின் மூன்று நாள் கூலியும் ஒரு சிறுவனின் உயிரும் இக்கேள்விக்குள் அடங்கியிருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

தீபாவளிக் கூறு

என் தாயார் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். தந்தையார் சுமை தூக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்றாடம் கறி தின்னும் வீடு அல்ல எங்களுடையது. தீபாவளி அன்று தெருவார் சேர்ந்து கிடாய் பிடித்து, அறுத்துக் கூறு போடுவார்கள். அதில் ஒரு கூறு வாங்குவோம். சென்ற தீபாவளிக்கு அம்மாவின் கையில் போனஸ் பணம் இருந்தது. காலையில் ஒரு கூறு வாங்கிக் குழம்பு வைத்தோம். மாலையில் இன்னொரு கிடாய் உரித்தார்கள். அதிலும் ஒரு கூறு, ஒரு கிலோ, வாங்கிவிட்டார். "உப்புக்கண்டம் போட்டு வச்சா மழைக்காலம் பூரா ஆகும்" என்பது அவர் கணக்கு.

உப்புக்கண்டம் அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எலும்பில்லாத ஆட்டுக்கறியை விரல் பருமனில் நீள நீளமாக அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிசறி, கோணி ஊசியால் நூலில் கோத்துக் கொடியில் காயவிடுவார்கள். நல்ல வெயில் என்றால் நாலைந்து நாளில் கறி சுக்காகக் காய்ந்துவிடும். பானையில் போட்டு மூடி வைத்து, வேண்டும்போது எடுத்துப் பொரிக்கலாம். கோயிலில் கிடா வெட்டிய பிறகும், பக்ரீத் முடிந்த பிறகும், மிஞ்சிய கறிக்கு நம் பக்கத்து வீடுகள் கண்ட வழி இதுவே. வெயில் பொய்த்தால்? விறகு அடுப்புக்கு மேலே குறுக்காகக் கம்பு கட்டிச் சரத்தை அதில் தொங்கவிடுவார்கள். அடுப்புச் சூடும் புகையும் வெயிலின் வேலையைத் தொடரும்.

ஐப்பசியில் வெயிலை நம்ப முடியாது. எங்கள் வீட்டில் விறகு அடுப்பும் இல்லை. 2016-ஆம் ஆண்டு தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் அம்மாவுக்கு எரிவாயு இணைப்பு கிடைத்தது. மண் அடுப்பை அன்றே இடித்துவிட்டோம். விறகு அடுப்பு இருப்பது கிராமத்தில், அப்பத்தா வீட்டில். ஆகவே இரவே கறியைப் பிசறி வைத்துவிட்டு, விடிந்ததும் முதல் பேருந்தில் கொண்டுபோய் அப்பத்தா வீட்டு அடுப்பின் மேல் தொங்கவிடுவது என்று தீர்மானித்தோம்.

இரவு 8 மணிக்குப் பிசறியாயிற்று. எவர்சில்வர் தூக்குவாளியில் அடைத்து மூடியாயிற்று. 10 மணிக்கு மழை பிடித்தது. விடியும்வரை விடவில்லை. ஓடைப் பாலத்துக்கு மேல் தண்ணீர் போவதாகவும், பேருந்து வராது என்றும் காலையில் சொன்னார்கள்.

"குழம்பா வச்சிருவோம்" என்றார் அப்பா. அம்மாவுக்கு மனம் வரவில்லை. முந்தின நாள்தான் கறி தின்றிருக்கிறோம். ஒரு கிலோவையும் ஒரே நாளில் தின்று தீர்ப்பதா? எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. தெருவில் ஒரு வீட்டில் உண்டு. ஆனால் நம் வீட்டுக் கறியை இன்னொருவர் வீட்டுப் பெட்டியில் வைக்கக் கேட்பது அத்தனை எளிதா? ஏன் எளிதில்லை என்பதை இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அம்மா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு பாப்பா. நீதான சயின்சு படிக்கிற."

நான் சொன்னேன். கூச்சமின்றி, தயக்கமின்றிச் சொன்னேன். "மஞ்சள் கிருமிநாசினி. உப்பும் கிருமியைக் கொல்லும். இஞ்சி, பூண்டு எல்லாமே அப்படித்தான். மழைக் குளிர் வேறே இருக்கு. ஒண்ணும் ஆகாதும்மா."

அவ்வளவுதான். வீட்டில் விவாதம் முடிந்துவிட்டது. படித்த பிள்ளை சொல்லியாயிற்றே!

அப்பத்தாவின் இரண்டு கேள்விகள்

பாலத்தில் தண்ணீர் வடிந்து நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது மாலை மணி 4. கறி பிசறி 20 மணி நேரம் ஆகியிருந்தது. அப்பத்தா தூக்குவாளியைத் திறந்து பார்த்தது. அது கறியை முகர்ந்து பார்க்கவில்லை, நக்கிப் பார்க்கவில்லை. இரண்டே கேள்விகள் கேட்டது.

"எப்பப் பிசறுனது? எத்தனை கை உப்பு போட்டீக?"

அம்மா பதில் சொன்னார். நேற்று இரவு, உப்பு குழம்புக்குப் போடுகிற அளவுதான், கொஞ்சம் கூட. அப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதால் உப்பைக் குறைக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் கூடுதலாகப் போடவில்லை.

"அப்பக் குழியில போட்டு மூடிரு தாயி" என்றது அப்பத்தா.

மூன்று நாள் கூலியைக் குழியில் போடுவதா? அம்மாவின் கண் கலங்கியது. நான் மீண்டும் குறுக்கே வந்தேன். முகர்ந்து பார்த்தேன். மசாலா வாசம்தான் வந்தது. "வாடையே இல்லையே அப்பத்தா, கெட்டிருந்தா நாறாதா?" என்று கேட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிழவி என்னோடு வாதாடவில்லை. பேத்தி படித்தவள்; அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒதுங்கிக்கொண்டது. அன்று அது ஒதுங்கிக்கொண்டதை நினைத்தால் இன்றும் எனக்குத் தலை குனிகிறது.

கறியைக் கழுவி, கோத்து, அடுப்பின் மேல் தொங்கவிட்டோம். இரண்டு இரவு புகை ஏறியது. மூன்றாம் நாள் அம்மா கொஞ்சம் எடுத்து எண்ணெயில் பொரித்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஐந்தாறு துண்டு தின்றான். அப்பா ஒரு துண்டு தின்றார். மூன்று மணி நேரத்தில் தம்பி வாந்தி எடுக்கத் தொடங்கினான். நிற்கவே இல்லை. இரவு அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அப்பாவுக்குக் குமட்டலோடு போயிற்று. விடியும்போது தம்பி கண் திறந்து தண்ணீர் கேட்டான். அந்த ஓர் இரவில் நான் படித்த படிப்பெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

நான் எழுதிய விடைத்தாள்

கல்லூரி திறந்ததும் எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "முதல் ஆண்டுத் தேர்வில் பாக்டீரியாவின் வளர்ச்சி பற்றி ஒரு வினா வந்ததே, நீ என்ன எழுதினாய்?" என்று மட்டும் கேட்டார்.

என்ன எழுதினேன்? ஈ. கோலி போன்ற பாக்டீரியா தகுந்த சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும் என்று எழுதினேன். அப்படியானால் ஒன்று, 3 மணி நேரத்தில் 512 ஆகும். 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும் என்று கணக்கும் போட்டுக் காட்டினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஆனால் அந்த ஈரக் கறியைப் பார்த்தபோது அந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரவில்லையே! தேர்வுத் தாளில் எழுதிய விடை எங்கள் சமையற்கட்டுக்குள் நுழையவே இல்லை.

நண்பர்களே, என் வாதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'உப்பு கிருமியைக் கொல்லும்' என்பது விஞ்ஞானம் அன்று. அது வெறும் செய்தி. 'எவ்வளவு உப்பு? எவ்வளவு நேரம்? எத்தனை டிகிரி வெப்பம்?' என்று கேட்பதுதான் விஞ்ஞானம். அன்று அந்த வீட்டில் விஞ்ஞானக் கேள்வி கேட்டது அப்பத்தா. பொருள்களின் பெயர்களை அடுக்கிவிட்டு விடை சொல்லிவிட்டதாக எண்ணிக்கொண்டது நான்.

அளவு என்பது வேடிக்கையன்று. அடுத்த முறை ஊருக்குப் போனபோது, ஒரு கிலோ கறிக்குப் போடுகிற கல் உப்பை அப்பத்தாவைக் கையால் அள்ளித் தரச் சொன்னேன். இரண்டு கை அள்ளித் தந்தது. பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து கல்லூரித் தராசில் நிறுத்தேன்: 104 கிராம். அம்மா போட்டதாகச் சொன்ன அளவையும் நிறுத்தேன்: 14 கிராம். ஏழில் ஒரு பங்கு! நாங்கள் முறையை அப்படியே வைத்துக்கொண்டோம். அந்த முறையைத் தாங்கி நின்ற தூணைப் பிடுங்கிவிட்டோம். டாக்டர் சொன்னது சரியே. உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் உப்பைக் குறைத்தவர்கள் நேரத்தையும் குறைக்க வேண்டும் என்பதைச் சொல்ல ஆள் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

உப்பு எப்படி வேலை செய்கிறது? மேல்நிலைப் பள்ளியில் உருளைக்கிழங்கைக் குடைந்து, உள்ளே அடர்கரைசல் ஊற்றித் தண்ணீரில் வைத்தோமே, நினைவிருக்கிறதா? அடர்த்தியான பக்கத்துக்குத் தண்ணீர் இழுக்கப்படும். அதே விதிதான். உப்பு கறியிலிருந்தும் கிருமியிலிருந்தும் நீரை இழுக்கிறது. நீரில்லாமல் கிருமி பெருகாது. ஆனால் குழம்பு உப்பு அந்த அளவுக்கு இழுக்காது. அது சுவைக்குப் போடும் உப்பு. காவலுக்குப் போடும் உப்பு அன்று.

அப்பத்தாவின் இரண்டு கை உப்பும் தனியே நின்றால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி நம் மூக்கிலும் தோலிலும் விரல் காயத்திலும் குடியிருப்பது. நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்பிலும் அது வளரக்கூடியது. வளரும்போது ஒரு நஞ்சைக் கக்குகிறது. கறியை வேக வைத்தால் கிருமி செத்துவிடும்; ஆனால் அந்த நஞ்சு அரை மணி நேரம் கொதித்தாலும் முற்றாக அழியாது. "நல்லாப் பொரிச்சா சரியாப் போகும்" என்ற பேச்சு இதனால்தான் ஆபத்தானது. அந்த நஞ்சு சில மணி நேரத்துக்குள் வாந்தியாக வெளிப்படும். தம்பிக்கு வந்ததும் அப்படித்தான்.

மஞ்சள்? ஆய்வுக்கூடத்தில் மஞ்சளின் குர்க்குமின் சில கிருமிகளைத் தடுப்பதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது தண்ணீரில் எளிதில் கரையாத பொருள். கறியில் நாம் தூவும் ஒரு தேக்கரண்டி மஞ்சள், இருபது மணி நேரம் கறியைக் காவல் காக்காது. மழைக் குளிர்? நமக்குப் போர்வை தேடத் தோன்றும் 25 டிகிரி, கிருமிக்குக் குளிரே அன்று. 5 டிகிரி செல்சியசுக்குக் கீழேயும் 60 டிகிரிக்கு மேலேயும்தான் உணவு பத்திரம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ஐந்து விதிகள் கூறுகின்றன. எங்கள் தூக்குவாளி அந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் இரவு முழுதும் இருந்தது.

வாடை? மணத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது பெரிய ஏமாற்று. கறியை நாற வைக்கும் கிருமிகள் வேறு. நம்மைப் படுக்க வைக்கும் கிருமிகள் பெரும்பாலும் வேறு. முன்னவை பெருகாமலே பின்னவை பெருகலாம். பூண்டும் மிளகாயும் சேர்ந்த கறியில் மூக்கு மேலும் ஏமாறும்.

உப்பை நம்பி ஏமாந்தவர்கள் நாங்கள் மட்டும் அல்லர். 1895-ஆம் ஆண்டு டிசம்பரில் பெல்ஜியம் நாட்டில் எல்லெசெல் என்ற சிற்றூரில், ஒரு சாவு வீட்டுக்கு வாத்தியம் வாசிக்கப் போன குழுவினர் உப்புநீரில் ஊறிய பச்சைப் பன்றித் தொடைக் கறியைத் தின்றார்கள். பலர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். எமில் வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் அந்தக் கறியை ஆராய்ந்து, காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு கிருமியைக் கண்டறிந்து 1897-இல் வெளியிட்டார். அதுதான் இன்று கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் எனப்படுவது. அப்பெயரின் வேர்ச்சொல்லான 'பொட்டுலஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்குக் குடலில் அடைத்த கறி என்று பொருள். கறியும் உப்பும் காற்றுப் புகாத மூடியும் சேர்ந்துவிட்டால் பத்திரம் என்று எண்ணுபவர்கள் இந்தப் பெயரை மறக்கக் கூடாது.

தள்ளிப்போனால் என்ன செய்வது?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. அந்த இரவுக்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் எங்கள் வீட்டில் இப்போது கடைப்பிடிப்பதையும் சொல்கிறேன்.

முதலாவது, கறியைக் கடைசியில் பிசறுங்கள். மசாலாவை இடித்து வைத்துக்கொள்ளலாம். நூலும் ஊசியும் எடுத்து வைக்கலாம். விறகு காய்ந்திருக்கிறதா, பேருந்து ஓடுகிறதா, வானம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கலாம். எல்லாம் ஆன பிறகு கறி வாங்கினால் போதும். காத்திருக்க வேண்டியது நாம்; கறி அன்று.

இரண்டாவது, வாங்கிய கறி வெளியில் இருக்கக்கூடிய நேரம் 2 மணி. வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் 1 மணிதான். அமெரிக்க வேளாண்மைத் துறை தன் மக்களுக்குச் சொல்லும் அளவு இது. நம் ஊரில் பெரும்பாலான நாட்கள் 32 டிகிரிக்கு மேல்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த நேரத்துக்குள் முடிவு எடுத்தாக வேண்டும். "பொழுது விடியட்டும், பார்ப்போம்" என்பதே தவறான முடிவு.

மூன்றாவது, குளிர்சாதனப் பெட்டி இருந்தால் உடனே உள்ளே வையுங்கள். குவித்து வைத்தால் நடுவில் குளிர் ஏற நேரமாகும். ஆகவே அகலமான பாத்திரத்தில் பரப்பி வையுங்கள். உப்பும் புளிப்பும் அலுமினியத்தை அரிக்கும். எவர்சில்வரோ கண்ணாடியோ நல்லது. மூடி, அடித்தட்டில் வையுங்கள். மேல் தட்டில் வைத்தால் கறிநீர் சொட்டிக் கீழே இருக்கும் பாலையும் பழத்தையும் கெடுக்கும். துண்டு போட்ட ஆட்டுக்கறி 1 அல்லது 2 நாள்தான் தாங்கும். கோழிக்கும் கொத்துக்கறிக்கும் அதே அளவுதான். தயிரோ எலுமிச்சையோ பப்பாளிக்காயோ சேர்த்திருந்தால், கெடாவிட்டாலும் கறி கூழாகிவிடும், மறுநாளே சமைத்துவிடுங்கள். பெட்டி கிருமியைக் கொல்வதில்லை. அதன் நடையைத் தளர்த்துகிறது, அவ்வளவே. மின்சாரம் நின்றால், கதவைத் திறக்காத பெட்டியில் குளிர் ஏறக்குறைய 4 மணி நேரம் நிற்கும். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

நான்காவது, எப்போது புகை போடுவோம் என்றே தெரியவில்லையானால் பிரீசரில் வைத்துவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் கிருமி தூங்கும்; ஆனால் சாகாது. சிறு சிறு பொட்டலமாகத் தட்டையாக வையுங்கள். வெளியே எடுத்துத் திண்ணையில் போட்டு உருகவிடாமல், கீழ்த்தட்டில் வைத்து மெல்ல உருகவிடுங்கள்.

ஐந்தாவது, பெட்டி இல்லாத வீட்டுக்கு ஒரே வழி: அன்றே சமைப்பது. சமைத்ததை அன்றே தின்று முடிக்க வேண்டும். குழம்பையும் இரவு முழுதும் வெளியில் வைக்க முடியாது. மிஞ்சும் என்று தோன்றினால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுங்கள். கொடுத்த கறி கெடுவதில்லை. அப்பா சொன்ன "குழம்பா வச்சிருவோம்" என்ற நாலாம் வகுப்புப் படிப்பு, என் பட்டப் படிப்பைக் காட்டிலும் அன்று உயர்ந்து நின்றது.

கடைசியாக, புகையை மருந்தாக எண்ணாதீர்கள். புகையில் பினால் வகைப் பொருள்களும் அமிலங்களும் சிறிதளவு பார்மால்டிஹைடும் உண்டு. நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் தவளையையும் பாம்பையும் கெடாமல் வைத்திருக்கிறோமே, அந்தப் பார்மலினின் மூலப்பொருள்தான் அது. ஆனால் புகை கறியின் மேற்புறத்தில்தான் படியும். நல்ல கறியை அது காக்கும்; கெட்ட கறியை நல்லதாக்காது. அடுப்புக்கு மேலே நிலவும் மெல்லிய சூடு, ஏற்கெனவே பெருகிவிட்ட கிருமிக்குத் தொட்டில் கட்டிக் கொடுப்பதுபோல் ஆகிவிடும். நேரம் கடந்த கறியைக் குழியில் போட்டு மூடுங்கள். வலிக்கத்தான் செய்யும். மருத்துவமனை வாசலில் நிற்பது அதைவிட வலிக்கும்.

பழமையா, புதுமையா?

"பழைய முறையே நல்லது, எரிவாயு அடுப்பு வந்ததால்தான் இந்தக் கேடு" என்று சிலர் சொல்லக்கூடும். நான் அதை ஏற்கவில்லை. அறுபது ஆண்டு விறகுப் புகையைக் குடித்த அப்பத்தாவின் இருமலை நான் இரவெல்லாம் கேட்டிருக்கிறேன். அந்தப் புகை என் தாயாருக்கும் வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். "பழையவர்களுக்கு என்ன தெரியும்? எல்லாம் மூடப்பழக்கம்" என்று வேறு சிலர் சொல்லக்கூடும். அதையும் நான் ஏற்கவில்லை.

ஜெர்மனியில் லெய்ஸ்ட்னர் என்ற இறைச்சி விஞ்ஞானி ஓர் அழகான கருத்தைச் சொன்னார். உணவைக் காப்பது ஒரே ஒரு பெருஞ்சுவர் அன்று. வரிசையாக நிற்கும் பல தடைகள். ஓட்டப் பந்தயத்தில் தடை தாண்டி ஓடுபவர் ஒன்றைத் தாண்டலாம், இரண்டைத் தாண்டலாம். கடைசியில் எங்கேனும் களைத்து விழுவார். கிருமியும் அப்படியே. உப்புக்கண்டத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு கை உப்பு ஒரு தடை. விரல் பருமன் துண்டு, சீக்கிரம் காய்வதற்கான ஏற்பாடு. வெயில் ஒரு தடை. புகை ஒரு தடை. பிசறிய கையோடு தொங்கவிடும் அவசரம், எல்லாவற்றுக்கும் மேலான தடை. பள்ளிக்கூடமே போகாத பெண்கள், பல தலைமுறை பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்த தடைகள் இவை. நாம் செய்தது என்ன? உப்பைக் குறைத்தோம். அடுப்பை இடித்தோம். இரண்டுக்கும் நல்ல காரணங்கள் இருந்தன. ஆனால் எடுத்த தடைகளுக்குப் பதிலாகப் புதிய தடை எதையும் வைக்காமல், பழைய நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டோம். கேடு அங்கேதான் புகுந்தது.

முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் என் தோழர்களுக்கும் தோழியருக்கும் ஒரு வார்த்தை. நம் வீட்டில் நம் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு நாம் சம்பாதித்தது அன்று. நம் பெற்றோர் தங்கள் வயிற்றைக் கட்டி நமக்கு வாங்கிக் கொடுத்தது. ரேஷன் கார்டிலிருந்து மருந்துச் சீட்டு வரை எல்லாவற்றையும் நம்மிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்கிறார்கள். நாம் சொல்வதை அப்படியே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையின் முன்னால் "எனக்குத் தெரியாதும்மா, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கூசியதால்தான் என் தம்பி ஓர் இரவு முழுதும் மருத்துவமனையில் கிடந்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவைப் பட்டம் தராவிட்டால், பட்டம் நமக்கு எதற்கு?

நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஆண்டுதோறும் கிராமங்களுக்குப் போகிறோம். மரம் நடுகிறோம், கோயில் சுற்றுப்புறத்தைக் கூட்டுகிறோம். நல்ல பணிகள்தாம். இந்த ஆண்டு ஒரு தராசையும் ஒரு வெப்பமானியையும் கையோடு கொண்டு போவோம். ஊர்ப் பாட்டிமார் கருவாட்டுக்கும் உப்புக்கண்டத்துக்கும் ஊறுகாய்க்கும் போடும் உப்பைக் கேட்டு, நிறுத்து, எழுதிக்கொண்டு வருவோம். அவர்களுக்கு நாம் 2 மணி நேரக் கணக்கையும், 5 டிகிரிக் கணக்கையும் சொல்லிவிட்டு வருவோம். அவர்களிடம் கைக்கணக்கு இருக்கிறது. நம்மிடம் காரணக் கணக்கு இருக்கிறது. இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டாமா? பேராசிரியப் பெருமக்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும் எனப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பொங்கலுக்குக் கிராமத்துக்குப் போயிருந்தோம். அப்பா ஒரு கிலோ கறி வாங்கி வந்தார். வானம் சற்று மூட்டமாக இருந்தது. அம்மா வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் அப்பத்தாவைப் பார்த்தேன்.

"என்னைய என்னத்துக்குப் பாக்குற தாயி? நீ படிச்ச பிள்ள, நீ சொல்லு" என்றது அப்பத்தா.

"கறி எப்ப அறுத்தது, அப்பா?" என்று கேட்டேன்.

அப்பத்தா சிரித்துவிட்டது. அன்று நாங்கள் குழம்பு வைத்தோம்.